நடவு நாளில் மாத்திரை: ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 53 வயது அக்கா ஒருவர் இருக்கிறார். நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். சர்க்கரை நோய் வந்து 9 வருடமாகிறது. மே மாதம் மருத்துவமனையில் எட்டுக் கேள்விகள் கேட்டு, தன் நோயைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளந்தார்கள். 10-க்கு 8.6 வந்தது. அதே வாரம் வந்த ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) முடிவு 10.2 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு அது 7-க்குக் கீழே இருக்கட்டும் என்றுதான் சொல்லுவோம்.

கேள்வித்தாளைப் பார்த்தால் இவருக்கு எந்த உதவியும் வேண்டாம், இரத்தத்தைப் பார்த்தால் உடனே வேண்டும். இப்படி இரண்டும் முட்டிக்கொள்ளும்போது நம் ஆட்கள் சட்டென்று வந்து நிற்கிற முடிவு, "வாயால சொல்றாங்க, செய்யறதில்ல" என்பதுதான். இந்த அக்கா விஷயத்தில் அது உண்மையே இல்லை. அவர் செய்ய விரும்பினார், செய்யாமல் போன நாட்களுக்கு நல்ல காரணமும் வைத்திருந்தார், அந்தக் காரணத்தை யாரும் கேட்கவில்லை, கேட்ட எட்டுக் கேள்வியிலும் அதற்கு இடம் இல்லை. நான் தொற்றாநோய் ஆலோசகராக டெல்டாவில் வேலை பார்க்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கிற விவரங்களை விட்டுவிட்டேன்.

அளக்கிற பொருள் என்ன

1977-ல் ஆல்பர்ட் பாண்டூரா என்ற உளவியலாளர் முன்வைத்த கருத்து இது. ஒரு குறிப்பிட்ட காரியத்தை, குறிப்பிட்ட சூழ்நிலையில், தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பது. தமிழில் தன்திறன் நம்பிக்கை என்று எழுதுகிறார்கள். இதைப் பொதுவான தைரியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கூலி குறைத்துப் பேசுகிற பண்ணைக்காரரிடம் முகத்துக்கு நேராக நின்று கேட்கிற அதே அக்கா, டீயில் சர்க்கரை போடாதீங்க என்று சொல்லத் தயங்குவார். நோயாளி "தைரியசாலி" என்று கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பதால் ஒன்றும் தெரியாது. எந்தக் காரியத்தில், எந்த இடத்தில் என்று கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்றையும் தனியாகப் பிரிக்க வேண்டும். மாத்திரை போட்டால் சர்க்கரை குறையும் என்று நம்புவது பலனைப் பற்றிய நம்பிக்கை, தன்னால் தினமும் போட முடியும் என்பது வேறு நம்பிக்கை. பலன் பற்றி இந்த அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது. மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக்கூட அவர் காதில் வாங்குவதில்லை. ஆகவே "மாத்திரை நல்லது" என்று மறுபடி மறுபடி வகுப்பு எடுப்பதால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் 9 வருடமாக அவருக்குக் கிடைத்த ஆலோசனையில் பெரும்பகுதி அதுதான்.

மே மாதம் பயன்படுத்தியது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் உருவாக்கிய எட்டுக் கேள்வித் தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 10 வரை ஓர் எண் சொல்ல வேண்டும், சராசரிதான் மதிப்பெண். காலை உணவு உட்பட நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தினமும் சாப்பிடுவது, சர்க்கரை இல்லாதவர்களோடு சேர்ந்து சாப்பிடும்போதும் தன் உணவு முறையைக் காப்பாற்றுவது, பசிக்கும்போது சரியான பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது, வாரத்தில் நான்கைந்து நாள் 15 முதல் 30 நிமிடம் உடற்பயிற்சி, அந்த நேரத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது, ஏறினாலும் இறங்கினாலும் என்ன செய்வதென்று தெரிந்திருப்பது, எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று கணிப்பது, தான் செய்ய நினைக்கும் வேலைகளுக்குக் குறுக்கே வராதபடி நோயைக் கட்டுக்குள் வைப்பது. இரண்டுக்கு மேல் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் மதிப்பெண்ணே போடக் கூடாது. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டைச் சொன்னால் சின்னதை எடுக்க வேண்டும். நல்ல தாள். சுருக்கம், கேட்கச் சுலபம், 186 பேரிடம் சோதித்தபோது உள்ளிணக்கம், அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற அளவு, 0.828 என்று வந்திருக்கிறது (1 வந்தால் முழு ஒத்திசைவு).

ஆனால் அதில் மாத்திரை பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பாதத்தைப் பற்றியும் கிடையாது. நெதர்லாந்தில் உருவான 20 கேள்வி அளவுகோல் ஒன்று இருக்கிறது, 1999-ல் வெளியானது, அதில் மருந்தும் பாதமும் உண்டு. ஆனால் கூட்டம் நெரிகிற காலை நேர ஓ.பி.யில் (வெளிநோயாளிப் பிரிவில்) 20 கேள்வியை யார் உட்கார்ந்து கேட்பார்கள்.

மே மாதத்து 8.6 எப்படி வந்தது

மே மாதம் வயலில் வேலை இல்லாத காலம். அறுப்பெல்லாம் எப்போதோ முடிந்து, மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருக்கிற சமயம். அக்கா வீட்டில் இருந்தார், நேரத்துக்குச் சாப்பிட்டார், மாத்திரையும் பெரும்பாலும் போட்டார். "நேரத்துக்குச் சாப்பிட முடியுமா" என்று அந்த மாதத்தில் கேட்டால் 9 என்றுதான் சொல்லுவார், அதில் பொய் எதுவும் இல்லை. உடற்பயிற்சிக்கு 10 சொன்னார். கேட்டவர் மருத்துவமனைக்காரர், பக்கத்தில் மருமகள் நின்றிருந்தார், பின்னால் வரிசை. எட்டுக்கும் 8-க்குக் குறையாத எண்தான். மொத்தம் 69, எட்டால் வகுத்தால் 8.6.

பின்னாளில் அவரே சொன்னது: "அந்தப் பொண்ணு வருஷக்கணக்கா சொல்லிக்குடுக்குது தம்பி. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னா அது மனசு என்ன பாடுபடும்?" இந்த ஒரு வாக்கியத்தை நம் ஊரில் கேள்வித்தாள் பிடிக்கிற எல்லாரும் மனசில் வைக்க வேண்டும். பெரிய எண் சொல்வது இங்கே ஒரு மரியாதை. சொல்லிக்கொடுத்தவருக்குச் செய்கிற மரியாதை. பாண்டூராவும் தன் வழிகாட்டுதலில், பதிலைத் தனிமையில் வாங்குங்கள், முடிந்தால் பெயர் இல்லாமல் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஓ.பி. வரிசையில் தனிமைக்கு எங்கே போவது என்பது நம் பிரச்சினை, ஆனால் அந்தத் தனிமை இல்லாமல் வாங்கிய எண்ணுக்கு என்ன மதிப்பு என்பதும் நம் பிரச்சினைதான்.

உண்மை வெளியே வந்தது ஒரு மிக்சர் டப்பாவில் இருந்து. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தத் தன்னார்வலர் அம்மா ஜூலை தொடக்கத்தில் போனபோது பரணில் இருந்த டப்பாவை இறக்கிக் காட்டினார்கள், உள்ளே பிரிக்காத அட்டைகள் குவிந்து கிடந்தன. காலை மாத்திரைதான் அதிகம் மிச்சம். கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில், மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும். இரவு மாத்திரை ஓரளவு தீர்ந்திருந்தது. காலை மாத்திரை மட்டும் தங்கிப்போவது தற்செயலாக இருக்க முடியாது, காலையில் ஏதோ நடக்கிறது.

புளியங்கொட்டை வைத்து மறுபடியும்

ஜூலையில் குறுவை நடவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி அளந்தோம், மருமகள் கடைக்குப் போயிருந்த நேரம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், காகிதத்தில் எண்ணை வட்டமிடச் சொன்னால் பரீட்சை போலத் தெரியும். அதனால் பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தேன். முழு நம்பிக்கை என்றால் பத்தையும் முன்னால் தள்ளுங்க, நம்பிக்கை குறையக் குறையக் கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்க என்று.

முதலில் ஒரு பழக்கக் கேள்வி. பாண்டூரா எடை தூக்குவதை வைத்துப் பழக்குவார், நாமும் அப்படியே. ஒரு குடம் தண்ணியைத் தூக்க முடியுமா? பத்துக் கொட்டை. 40 கிலோ நெல் சிப்பத்தை இடுப்பு வரைக்கும்? ஆறு. அதைத் தலையில் ஏற்றி லாரி வரைக்கும்? இரண்டு, அதுவும் சிரித்துக்கொண்டே. குறைவாகத் தள்ளினால் யாரும் கோபப்படப் போவதில்லை என்பது அந்த இரண்டு கொட்டையில்தான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். இதைச் செய்யாமல் நேராகச் சர்க்கரைக்குள் போயிருந்தால் மறுபடி எட்டும் ஒன்பதுமாகத்தான் வந்திருக்கும்.

பிறகு அதே எட்டுக் கேள்விகள், வார்த்தை மாறாமல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "நேத்து எப்படி இருந்துச்சு, சொல்லுங்க" என்று அந்த நாளைப் பேச வைத்துவிட்டுக் கேட்டேன். நேரத்துக்குச் சாப்பாடு 3. சேர்ந்து சாப்பிடும்போது 4. பண்டம் தேர்வு 5. உடற்பயிற்சி 9. வேலையில் சர்க்கரை இறங்காமல் பார்ப்பது 2. ஏறினால் இறங்கினால் என்ன செய்வது 3. டாக்டரிடம் எப்போது 6. நோய் குறுக்கே வராமல் 5. சராசரி 4.6.

இரண்டு மாதத்தில் 8.6-லிருந்து 4.6. மாதாந்திர அறிக்கையில் இதைப் போட்டால் நோயாளி மோசமாகிவிட்டார் என்று படிப்பார்கள். எனக்கு 9 வருட சிகிச்சையில் இதுதான் முதல் நல்ல செய்தியாகத் தெரிந்தது, ஏனென்றால் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று அந்த 2-ம் 3-ம் சொன்னது. 8.6 எதையும் சொல்லவில்லை.

காலைச் சாப்பாட்டுக் கதை இது. நடவு நாளில் ஐந்து மணிக்கு எழுந்து வீட்டு வேலை முடித்து, ஆறு ஆறரைக்குள் வண்டி ஏற வேண்டும். அந்த நேரத்தில் சோறு இறங்காது. பழைய சோற்றையும் ஊறுகாயையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய், ஒரு பங்கு நட்டு முடித்த பிறகு பத்து மணிக்கு மேல்தான் கரையேறிச் சாப்பிடுகிறார்கள். தனியாக ஒருத்தர் மட்டும் எட்டு மணிக்கு வரப்பில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, நிரை பிந்திவிடும், மற்றவர்கள் அவர் பங்கையும் நட வேண்டி வரும். வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு குனிந்து நின்று நட்டால் என்ன ஆகும் என்று மருந்து தெரிந்த யாருக்கும் தெரியும், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். இரண்டு மூன்று தடவை படபடப்பு வந்து சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து வேலை நாளில் காலை மாத்திரையைத் தொடுவதில்லை. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவரே எடுத்த முடிவு அது, டாக்டரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரைக் கேள்வி எட்டில் இல்லாததால் அதைத் தனியாக, கஷ்டம் ஏறிக்கொண்டே போகிற படிகளாகக் கேட்டேன். இதில் ஒரு கொட்டைகூடத் தள்ளாமல் இருக்கலாம், பாண்டூராவின் 0 முதல் 100 வரையான அளவை ஒரு கொட்டைக்குப் பத்து என்று வைத்த மாதிரி. வேலை இல்லாத நாளில் காலை மாத்திரை போட முடியுமா? 10. நூறு நாள் வேலைக்குப் போகிற அன்று? 8. உள்ளூர் வயலில் நடவு? 3. வெளியூருக்கு வண்டியில் போய் நடவு? 1. முதல் நாள் மயக்கம் வந்து, மறுநாளும் நடவு என்றால்? ஒரு கொட்டையும் நகரவில்லை. இந்தப் படிகளின் மதிப்பெண்ணை எட்டுக் கேள்வியின் சராசரியோடு கலக்கவில்லை, கலந்தால் வேறு எதனோடும் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

உள்ளூருக்கு 3, வெளியூருக்கு 1. அந்த இரண்டு கொட்டை வித்தியாசம் என்னவென்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். பிறகு தன்னார்வலர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்குகிறது, உள்ளூர் என்றால் வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம், வெளியூர் வயலில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீர் குடிப்பதையும் அதனாலேயே குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஆண் உட்கார்ந்து கேட்கிற வரைக்கும் இந்தப் பதில் வரவே வராது. எண்ணைச் சொல்லுவார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். கிராமத்தில் பெண்களிடம் இந்த மாதிரி அளவெடுக்கும்போது கேட்பவரும் பெண்ணாக இருப்பது நல்லது என்று இப்போது நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

வெயிலா, லோ சுகரா

வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, கண் இருட்டுவது. சர்க்கரை இறங்கினாலும் இவை வரும், ஆடி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மூன்று மணி நேரம் குனிந்து நட்டாலும் இவை வரும். தன்னால் முடியுமா முடியாதா என்பதற்கு உடம்பு கொடுக்கிற சமிக்ஞையும் ஓர் ஆதாரம் என்று பாண்டூரா சொல்கிறார். அந்தச் சமிக்ஞையே குழம்பிப்போனால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? அக்காவுக்கு ஒவ்வொரு மயக்கமும் மாத்திரையின் வேலைதான். மயக்கம் வந்தால் இரண்டு டம்ளர் இனிப்பு டீ.

அக்காவோடு நடவுக்குப் போகிற குழுவில் பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்குக் குளுக்கோமீட்டர் பழக்கிக் கொடுத்தோம். சேற்றுக் கையை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து உலர்ந்த பிறகுதான் ஊசி குத்த வேண்டும். வெல்லமோ பழமோ ஒட்டிய விரலில் எடுத்தால் அளவு ஏறிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை வெயிலில் வைக்கக் கூடாது, மூடியைத் திறந்து போடக் கூடாது, வரப்போர மரத்து நிழலில் பைக்குள் இருக்கட்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினோம்.

மாத்திரை போடாத ஒரு நாள், பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது என்று கரையேறினார். மீட்டரில் 236. அன்றைக்கு டீ குடித்திருந்தால் 236-க்கு மேல் சர்க்கரையை ஊற்றியிருப்பார், தேவைப்பட்டது தண்ணீரும் நிழலும்தான். இன்னொரு நாள், டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கியிருந்த வாரம், வீட்டில் யாரோ வற்புறுத்தி வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கிறார், வண்டி வேறு தாமதம். அன்று 62. அது உண்மையான லோ சுகர், 70-க்குக் கீழே வந்தால் உடனே கவனிக்க வேண்டியது. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார்கள், ஏறியிருந்தது, அதன் பிறகு சோறு.

அந்த இரண்டு எண்களும் அவருக்குச் சொன்ன விஷயத்தை நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் சொல்லியிருக்க முடியாது. தன் மயக்கம் இரண்டு வகை என்று அவரே கண்டுபிடித்தார். சர்க்கரை இறங்கும்போது உதடு மரத்துப்போகிறதாம், கோபம் வருகிறதாம், வெயில் மயக்கத்தில் வாய் வறண்டு தலை மட்டும் கனக்கிறதாம். இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, சந்தேகம் வந்தால் மீட்டர், மீட்டர் இல்லாத இடத்தில் இனிப்பு என்பதுதான் பாதுகாப்பு. ஆனால் தன் உடம்பின் அடையாளத்தைத் தானே பிரித்துப் பார்த்த பிறகு அவர் பேசுகிற குரலே மாறிவிட்டது.

என்னென்ன மாற்றினோம்

முதல் மாற்றம் டாக்டருடையது. இதைப் படிக்கிறவர்கள் தாங்களாக மருந்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. கிளிமிபிரைடை 1 மி.கி.யாகக் குறைத்து, சாப்பாட்டோடு மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்ததால் மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி 1000 மி.கி.யை இரவுச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனார். வயிற்றுக் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. நோயாளியின் நம்பிக்கையை வளர்க்கிறேன் என்று கிளம்புகிற நாம் மறந்துபோகிற விஷயம் இது. செய்யவே முடியாத ஒரு மருந்து முறையைக் கொடுத்துவிட்டு, "உங்களால் முடியும்" என்று ஊக்கப்படுத்துவது அநியாயம். குறைந்த மதிப்பெண் சில சமயம் நோயாளியைப் பற்றியதே இல்லை, நாம் எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றியது.

அடுத்தது காலைச் சாப்பாடு. ஆறு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னால் நடக்காது. ஒரு அளவுக் கரண்டி பழைய சோறு, கொஞ்சம் சுண்டல் அல்லது ஒரு அவித்த முட்டை, அதோடு மாத்திரை, மீதிச் சாப்பாடு வழக்கம்போலப் பத்து மணிக்கு. முதலில் உள்ளூர் வயலில், வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடத்தில் மட்டும். பத்தரை மணிக்கு மீட்டரில் 118 என்று வந்த நாளில், மாத்திரை போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று மீட்டர் பிடிக்கிற அந்தப் பெண் குழு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் நம்பிக்கைக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய ஆதாரம், அதைச் சின்னப் படியாக வைத்தால்தான் ஜெயிக்க முடியும். நேராக வெளியூர் நடவில் தொடங்கியிருந்தால் முதல் நாளே பயம் வென்றிருக்கும்.

அதே குழுவில் வயதில் மூத்த ஓர் அம்மா, இவருக்கு முன்பே சர்க்கரை வந்தவர், சுருக்குப்பையில் வெற்றிலையோடு குளுக்கோஸ் பொட்டலமும் முடிந்து வைத்திருக்கிறார் என்பது இத்தனை நாளும் இவருக்குத் தெரியாது! தினமும் பக்கத்துப் பக்கத்தில் நடுகிறார்கள், சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. வேலைக்கு லாயக்கில்லை என்று குழுவில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று இரண்டு பேருக்கும் பயம். நடவு இயந்திரம் வந்து வேலை நாள் ஏற்கெனவே குறைந்துபோன ஊரில் அந்தப் பயம் வீண் பயம் இல்லை. மீட்டர் வந்த பிறகுதான் பேசினார்கள். தன்னைப் போன்ற ஒருத்தர் செய்வதைப் பார்ப்பது என்று புத்தகம் சொல்வதை அந்தச் சுருக்குப்பை செய்துவிட்டது. நானும் டாக்டரும் சொன்ன ஊக்க வார்த்தைகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு.

ஐப்பசியில்

மூன்றாவது அளவை வேண்டுமென்றே தாளடி நடவில் வைத்தோம். ஜூலையில் நடவுக் காலத்தில் எடுத்த எண்ணை, வேலையில்லாத மாதத்து எண்ணோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் தானாகவே வந்துவிடும், அது பருவத்தின் முன்னேற்றம். இந்த மண்ணில் அளவெடுக்கிறவர்கள் நாட்காட்டியை விடப் பயிர்க் காலத்தைப் பார்ப்பது முக்கியம். அதோடு இந்த முறை நான் போகவில்லை. அதற்குள் நானும் அந்த வீட்டில் "தம்பி" ஆகிவிட்டேன், என் மனசு நோகக் கூடாது என்று எட்டும் ஒன்பதும் வந்துவிடும். அக்காவுக்கு அறிமுகம் இல்லாத பயிற்சிச் செவிலியர் ஒருவர் போனார், அதே கொட்டை, அதே பழக்கக் கேள்வி.

நேரத்துக்குச் சாப்பாடு 7. சேர்ந்து சாப்பிடுவது 5. பண்டம் 7. உடற்பயிற்சி 9. இறங்காமல் பார்ப்பது 8. என்ன செய்வது 8. டாக்டரிடம் எப்போது 8. குறுக்கே வராமல் 6. சராசரி 7.25. மாத்திரைப் படிகள் 10, 9, 8, 6, 4. மே மாதத்து 8.6-ஐ விட இது குறைவுதான், ஆனால் இந்த எண்ணை நான் நம்புகிறேன். மிக்சர் டப்பாவில் மிச்ச அட்டை ஏறக்குறைய இல்லை, அதுவும் எண்ணோடு ஒத்துப்போகிறது. மே மாதம் உண்மையில் எத்தனை கொட்டை வைத்திருப்பீர்கள் என்று செவிலியர் கேட்டதற்கு, சாப்பாட்டுக் கேள்விக்கு மூன்றை நகர்த்தியிருக்கிறார்.

ஹெச்பிஏ1சி 8.1. வெறும் வயிற்றுச் சர்க்கரை 218-லிருந்து 146. இதை நம்பிக்கை கூடியதால் வந்த பலன் என்று எழுத எனக்கு ஆசைதான், எழுத முடியாது. மருந்து மாறியது. சாப்பாட்டு நேரம் மாறியது. அப்புறம் அவருக்கு மே மாதம் ஹீமோகுளோபின் 9.4, இரும்புச்சத்துக் குறைவு. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி இருப்பதை விடச் சற்று ஏறிக் காட்டலாம், இரும்பு மாத்திரை கொடுத்த பிறகு அந்தப் பங்கு தானாக இறங்கும். வயல் வேலைக்குப் போகிற பெண்களில் இரத்தசோகை இவ்வளவு சகஜமாக இருக்கிற இடத்தில், ஹெச்பிஏ1சி ஒன்றை மட்டும் பார்த்து முன்னேற்றம் என்று சொல்வதும் திட்டுவதும் வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்ந்து இறங்கியிருப்பதால் நல்ல மாற்றம் நடந்திருக்கிறது என்று சொல்லலாம், எது எவ்வளவு என்று ஒரே ஓர் ஆளை வைத்துப் பிரிக்க முடியாது.

சேர்ந்து சாப்பிடுவது 4-லிருந்து 5-க்குத்தான் போயிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும், அதைக் கட்டாயப்படுத்தி ஏற்றவும் விருப்பமில்லை. பண்ணை வீட்டிலிருந்து டீ தூக்கில் வருகிறது, எல்லாருக்கும் சேர்த்துச் சர்க்கரை போட்டு. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையில் காப்பரிசியைக் கையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு பிடி வாங்கிக்கொண்டு, மதியச் சோற்றைக் குறைத்துக்கொள்வதாக அவரே ஒரு வழி வைத்திருக்கிறார். டீக்கு என்ன செய்வது என்பதை அக்காவும் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருந்த அந்த மூத்த அம்மாவும் சேர்ந்து பண்ணை வீட்டில் சொல்லப் போகிறார்கள், சர்க்கரை போடாமல் கொஞ்சம் தனியாக. ஒருத்தர் கேட்டால் குறை, இரண்டு பேர் கேட்டால் பழக்கம் என்று அந்த மூத்த அம்மா சொன்னாராம்.

பாதத்துக்குத் தனியாக ஒரு கேள்வி வைத்திருந்தேன். தினமும் இரண்டு உள்ளங்காலையும் பார்க்க முடியுமா? ஜூலையில் ஒரு கொட்டை, ஐப்பசியிலும் ஒரு கொட்டை. நாள் முழுக்கச் சேற்றில், வெறுங்காலில், நத்தை ஓடும் முள்ளும் கிடக்கிற வயலில் நிற்கிறவருக்கு மற்ற எல்லாவற்றையும் விட அவசரமான கேள்வி இதுதான், இதில்தான் ஒரு அடியும் நகரவில்லை. முழங்கால் மடங்காது, சாயங்காலம் வெளிச்சம் போதாது, கண்ணும் மங்கல். கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னோம், கண்ணாடியில் தெரிவது கோடா வெடிப்பா என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. இப்போதைக்கு ஆறாவது படிக்கிற பேரன் இரவு டார்ச் அடித்துப் பார்க்கிறான், வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம் எதுவாக இருந்தாலும் தன்னார்வலர் அம்மாவுக்குப் போன் போகிறது. விழித்திரைப் பரிசோதனை 9 வருடத்தில் ஒருமுறைகூட எடுக்கவில்லை என்பதும் இந்தக் கொட்டையைத் துருவிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. தாளடி நடவு முடிந்த வாரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அதற்குத் தேதி வாங்கியிருக்கிறோம், கூலி போகாத நாளாகப் பார்த்து.